குமுளிச் சாலையில் சாட்சி சொல்லுதல்: முதுகுப்பையோடு புறப்படும் கிறிஸ்தவ இளைஞருக்கு ஒரு வழிகாட்டி

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலையேறி வரும் நம் ஊர்ப் பேருந்து, குமுளியில் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே நம்மை இறக்கிவிட்டுவிடும். சோதனைச் சாவடியைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் கேரளம் வந்துவிடுகிறது. ஏலக்காய் மணக்கும் அந்தச் சிறிய நடையிலேயே, தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் பையைச் சுமந்துவரும் வெளிநாட்டுப் பெண், பெங்களூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து தூக்கம் கலையாமல் நிற்கும் ஐடி இளைஞர், வண்டிப்பெரியாறு ஜீப்புக்காகக் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளி, கார்த்திகை பிறந்துவிட்டால் இருமுடி தாங்கிய ஐயப்ப பக்தர் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிடலாம். இவர்களில் யாரோ ஒருவரோடு அன்று இரவு ஒரே அறையில் தங்குவீர்கள், அல்லது மறுநாள் ஒரே ஜீப்பில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது பேச்சு எப்படியும் வீட்டைப் பற்றியும், வேலையைப் பற்றியும், கடைசியில் கடவுளைப் பற்றியும் வரும்.

அந்தப் பேச்சு வரும்போது நம் விசுவாசத்தை எப்படிச் சொல்வது என்று எங்கள் சபை இளைஞர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக இந்த மலைப்பாதைகளில் நடந்தும், சரியாகச் சொல்லியும், தவறாகச் சொல்லியும் நான் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது எந்த நிமிடமும் எழுந்து போய்விடலாம் என்ற சுதந்திரம் கேட்பவருக்கு இருந்தால்தான் நாம் சொல்வது சாட்சி. அந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில் சொல்லப்படுவது நற்செய்தியாக அவர் காதில் விழாது.

புறப்படுவதற்கு முன்

பையில் கட்டுக்கட்டாகக் கைப்பிரதிகளை வைத்துக்கொள்ளாதீர்கள். வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு நகர்வது, நாம் எதையோ செய்துவிட்டோம் என்ற நிறைவை நமக்குத் தருமே தவிர, வாங்கியவருக்கு ஒன்றும் தருவதில்லை. அடுத்த வளைவிலேயே அந்தக் காகிதம் தேயிலைச் செடிகளுக்கிடையே கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சங்கீதமும் சேர்த்துக் கட்டிய ஒரு சிறிய புதிய ஏற்பாடு போதும். அது உங்கள் பயன்பாட்டுக்கு உரியது, அடிக்கோடும் கறையும் உள்ளதாகவே இருக்கட்டும்.

அதைவிட முக்கியமான தயாரிப்பு, உங்கள் சொந்த அனுபவத்தை மூன்று நிமிடத்துக்குள் சொல்லப் பழகுவதாகும். இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். எழுதிப் பாருங்கள், பிறகு சபைக்கு வராத ஒரு நண்பரிடம் சத்தமாகச் சொல்லிக்காட்டி, எந்தச் சொல் புரியவில்லை என்று கேளுங்கள். நாம் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த மொழி வெளியே இருப்பவருக்கு வேற்று மொழியாகவே இருக்கிறது. 'இரட்சிக்கப்பட்டேன்', 'பாரம் கொடுத்தார்', 'அபிஷேகம் பெற்றேன்', 'உலகத்தாரைப்போல வாழ்ந்தேன்' என்றெல்லாம் நாம் சொல்லும்போது, கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதிலும் 'உலகத்தார்' என்ற சொல், எதிரில் இருக்கும் அவரையும் சேர்த்தே குறிப்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

நான் என் அனுபவத்தை எப்படிச் சொல்கிறேன் என்பதை எழுதுகிறேன். எங்கள் அப்பா இறந்த பிறகு நிலப் பாகம் பிரிப்பதில் எனக்கும் என் அண்ணனுக்கும் மனத்தாங்கல் வந்து, நான்கு ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தோம். ஒரு நாள், காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லும் இடத்தை வாசித்தேன். அதற்கு முன்பும் எத்தனையோ முறை வாசித்த பகுதிதான் அது. அன்று மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணி கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்தார். என்னை அந்த வாசல்வரை நடக்க வைத்தவர் உயிரோடிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். இதுதான் என் மூன்று நிமிடம். சொத்துத் தகராறு இல்லாத நாடு இல்லை என்பதால், இதை யாரிடம் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள். உங்களுடையது வேறாக இருக்கும். ஆனால் அதில் ஒரு வாசலோ, ஒரு தட்டோ, கண்ணால் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

எதிரில் இருப்பவரை அறிந்துகொள்ளுதல்

ஐரோப்பாவிலிருந்து வரும் பலருக்குக் கிறிஸ்தவம் புதிய செய்தி இல்லை. அது அவர்கள் பாட்டியோடு முடிந்துபோன பழக்கம். சிலருக்கு அதைவிட மோசமாக, சபையில் பட்ட காயமும் உண்டு. அவர்களிடம் தொடக்கத்திலிருந்து போதிக்கத் தொடங்குவது பொருந்தாது. 'சின்ன வயதில் கோயிலுக்குப் போனதுண்டா, அது எப்படி இருந்தது?' என்று கேட்டுவிட்டு, வரும் பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். சபையின்மேல் அவர் சொல்லும் குற்றச்சாட்டுக்கு உடனே வக்காலத்து வாங்காதீர்கள். அது உண்மையாக இருந்தால் 'அது தவறுதான்' என்று ஒப்புக்கொள்வதும் சாட்சியில் சேர்ந்ததே.

கட்டாய இராணுவப் பணி முடிந்த கையோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் இஸ்ரேலிய இளைஞர்களைச் சந்திப்பீர்கள். வேதாகமத்தில் நாம் வாசிக்கும் ஊர்ப்பெயர்களைக் கேட்ட உற்சாகத்தில் நம் ஆட்கள் அவர்களைச் சூழ்ந்துகொள்வதுண்டு. சிலுவையின் பெயரால் தம் முன்னோர் ஐரோப்பாவில் துரத்தப்பட்டதையும் கொல்லப்பட்டதையும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அங்கே நாம் பேசுவதைவிடக் கேட்பதே நல்லது.

கேரளக் கிறிஸ்தவரைச் சந்தித்தால் இன்னொரு கவனம் தேவை. கி.பி. 52இல் அப்போஸ்தலர் தோமா கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கினார் என்ற மரபைத் தங்கள் குடும்ப வரலாறாகவே காப்பவர்கள் சுரியானிக் கிறிஸ்தவர்கள். கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய செப்பேடே 849ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் ஊர்களில் பெரும்பாலான சபைகளுக்கு வயது இருநூற்றுச் சொச்சம்தான். அப்படிப்பட்டவரிடம் போய், 'நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?' என்று கேட்பது நம் அறியாமையைக் காட்டும். அவரிடமிருந்து கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது.

மாலை போட்ட ஐயப்ப பக்தரிடம் மதப் பேச்சை நீங்களாகத் தொடங்கவே கூடாது. மண்டல காலத்தில் குமுளிச் சாலை அவர்களுக்குரிய சாலை. வழி கேட்டால் வழி சொல்லுங்கள், தண்ணீர் கேட்டால் தண்ணீர் கொடுங்கள். விரதத்தில் இருப்பவரின் மனத்தைக் கலைப்பது அன்பில் சேராது. சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி மலைக்குக் கண்ணகியை வழிபட ஏறுபவர்களிடமும் இப்படியே நடந்துகொள்ளுங்கள்.

பேச்சைத் தொடங்குதல்

லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் எம்மாவூருக்கு நடந்துபோன இருவரின் கதையைப் பயணம் போகும் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். உயிர்த்தெழுந்த இயேசு அவர்களோடு வழியில் சேர்ந்துகொள்கிறார். முதல் வேலையாகத் தம்மை அறிவிக்கவில்லை, நீங்கள் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் துக்கத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை கேட்ட பிறகே வேத வாக்கியங்களை விளக்குகிறார். ஊர் நெருங்கியதும் அப்பாலே போகிறவர்போலக் காட்டுகிறார். எங்களோடு தங்கும் என்று அவர்களே வருந்திக் கேட்டுக்கொண்டபோதுதான் வீட்டுக்குள் போகிறார். உடன் நடப்பது, கேட்பது, பிறகு சொல்வது, அழைத்தால் மட்டும் உள்ளே போவது என்ற அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், குட்டிக்கானத்துக்குக் கீழே மரம் விழுந்து பேருந்துகள் நின்றுபோயின. மூடிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் கட்டன் சாயாக் குவளைகளோடு நானும், பிரான்சிலிருந்து வந்த ஒரு செவிலியரும் இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்றோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் தான் பார்த்த மரணங்களைப் பற்றி அவர் நெடுநேரம் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் இல்லை. பையிலிருந்து நான் எதையோ எடுக்கும்போது சிறிய புத்தகம் ஒன்று எட்டிப் பார்த்ததைக் கண்டு, அது என்ன என்று அவர்தான் கேட்டார். சொன்னேன். 'உங்கள் மொழியில் அது எப்படி ஒலிக்கும், கொஞ்சம் வாசிக்க முடியுமா?' என்றார். எதிரே மேகம் விலகி மலை தெரிந்ததால், மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்தும் 121ஆம் சங்கீதத்தைத் தமிழில் வாசித்தேன். அர்த்தம் கேட்டார், என் உடைந்த ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொன்னேன். உறங்காமல் காக்கிறவர் என்ற இடம் வந்தபோது, 'இரவுப் பணி' என்று சொல்லிவிட்டு வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அதற்குமேல் எதுவும் சேர்க்கவில்லை. தாய்மொழியில் சத்தமாக வாசித்துக் காட்டுவது எவ்வளவு நல்ல தொடக்கம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அனுமதி கேட்டல், நிறுத்தத் தெரிதல்

சொல்லத் தொடங்குவதற்கு முன், 'இதைப் பற்றி நான் நம்புவதைச் சொல்லலாமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் ஓடும் பேருந்தில், ஜீப்பில், படகில், டார்மிட்டரிக் கட்டிலில் இருப்பவருக்கு நம்மைவிட்டு விலகிப் போக இடமே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூணாறில் ஒரு தங்கும் விடுதியில் எனக்குக் கீழ்க் கட்டிலில் படுத்திருந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவனிடம், விளக்கு அணைத்த பிறகும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். 'அண்ணே, காலையில பேசலாமா?' என்று கேட்டான். 'ஒரே நிமிஷம் தம்பி' என்று சொல்லி அரை மணி நேரம் பேசினேன். 'அண்ணே, தூக்கம் வருதுண்ணே' என்று மறுபடியும் சொன்னான். அதையும் நான் காதில் வாங்கவில்லை. விடிந்து பார்த்தபோது அந்தக் கட்டிலில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லியிருந்தவன், என்னால் அறையை மாற்றிக்கொண்டான். அந்த மடித்த போர்வையை நான் மறக்கவில்லை. அதிலிருந்து, விளக்கு அணைந்த பிறகு பேசுவதில்லை என்பதையும், ஒருவர் ஒருமுறை மறுத்தால் அந்தப் பயணத்தில் மறுபடி நானாக எடுப்பதில்லை என்பதையும் விரதமாகவே வைத்திருக்கிறேன்.

பெண்களிடம் பேசும்போது இன்னும் கவனம் தேவை. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம் ஆண் ஒருவர் நெடுநேரம் பேசினால், பேச்சின் பொருள் எதுவாக இருந்தாலும் அவருக்கு முதலில் எழுவது அச்சமே. நாலு பேர் பார்க்கும் இடத்தில் பேசுங்கள், தங்கும் அறை எண்ணைக் கேட்காதீர்கள். குடித்திருப்பவரிடம் விவாதம் வேண்டாம்.

உதவியை உதவியாகவே வைத்திருத்தல்

வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), மழைக்கு ஒதுங்கிய எங்களுக்குத் தேநீர் கொடுத்த அம்மா ஒருவரிடம் எங்கள் குழுவிலிருந்த ஒரு தம்பி ஆர்வமாகப் பேசத் தொடங்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு சாமி. கொஞ்சம் தள்ளி உக்காரு, அந்த இடத்துல ஒழுகும்' என்றார். மறுநாள் குமுளியிலிருந்து தார்ப்பாய் வாங்கிக் கொண்டுபோய்க் கூரையில் கட்டினோம். கட்டி முடித்ததும் ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். தார்ப்பாய்க்கு விலையாக அந்த அம்மா ஒரு ஜெபத்துக்குத் தலைகுனிய வேண்டும் என்றால், நாம் கொடுத்ததற்கு அன்பு என்று பெயரில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாகப் போனபோது அவரே, 'எம் மகனுக்காக வேண்டிக்கோங்க' என்றார். அப்போது ஜெபித்தோம்.

சட்டம் சொல்வது

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், தன் மதத்தை வெளிப்படையாக ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் அனைவருக்கும் தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. வற்புறுத்தலும் ஆசை காட்டுவதும் கூடாது என்பதை நம் மனச்சாட்சியே சொல்லும். பிறர் வணங்கும் தெய்வத்தை இழித்துப் பேசுவது பாவம் மட்டுமல்ல, மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கும் இடம் கொடுக்கும். ஆந்திர எல்லைப் பக்கம் போகிறவர்கள், திருமலையில் பிற மதப் பிரச்சாரம் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளதை அறிந்திருங்கள்.

வெளிநாட்டு விசுவாசி ஒருவர் உங்களோடு சேர்ந்துகொண்டால், அவரைச் சாட்சி சொல்ல மேடையேற்றாதீர்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் மதப் பிரச்சாரம் செய்ய அனுமதி இல்லை. அதற்கென்று தனி விசா இருக்கிறது. அவர் ஆராதனையில் வந்து உட்காரலாம், ஜெபிக்கலாம். நம் ஆர்வத்தால் அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலை வரக் கூடாது.

காட்டுக்குள் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடும் ஐக்கியக் கூட்டங்களும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி உயிரிழந்ததை நம் தேனி மாவட்டம் மறக்காது. வனத்துறை அனுமதித்த பாதையில், அனுமதித்த நேரத்தில் மட்டும் நடங்கள்.

ஆலயத்துக்கு அழைத்துப் போவது

சில சமயம் பேச்சைவிட ஓர் இடம் நன்றாகப் பேசும். மூணாறு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குப் பின்னாலுள்ள சரிவில், 1894இல் காலராவில் இறந்த இளம் மணப்பெண் எலியனார் இசபெல் மேயின் கல்லறை இருக்கிறது. அவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1910இல்தான் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல்லறைத் தோட்டம் முன்னே, ஆலயம் பின்னே. உயிர்த்தெழுதலைப் பற்றிக் கேட்பவர்களோடு நான் அங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வாகமண் பக்கம் போனால், பெல்ஜியத்திலிருந்து வந்த பிரான்சிஸ் ஆச்சார்யா 1958இல் தொடங்கிய குரிசுமலை ஆசிரமம் இருக்கிறது. காவியுடுத்த துறவிகள் சுரியானி முறையில் ஜெபிப்பதும் மாடு வளர்ப்பதும், கிறிஸ்தவம் வெள்ளைக்காரர் மதம் என்று நினைத்து வரும் வெள்ளைக்காரரையே வியக்க வைக்கும்.

ஆராதனைக்கு யாரையாவது அழைத்துப் போனால், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எப்போது எழுந்து நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் அவர் முன்னே வர வேண்டியதில்லை, இருக்கையிலேயே இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். வாசலுக்கு அருகில் உட்கார வையுங்கள். போதகரிடம் முன்பே பேசி, புதிதாக வந்தவர் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை அன்று தவிர்க்கச் சொல்லுங்கள்.

குமரிப் பக்கம் இறங்கிப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையைத் தவறவிடாதீர்கள். 1752இல் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகப் புனித தேவசகாயம் கொல்லப்பட்ட இடம் அது. 2022இல் அவருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். தேவசகாயம் விசுவாசத்துக்கு வந்த வழியைத்தான் நான் இளைஞர்களுக்கு அதிகம் சொல்வேன். டச்சுப் படையில் வந்து, 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்டு, பிறகு அதே அரசுக்குப் படைத்தலைவரான டிலனாய் அவருடைய நண்பர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து மனமுடைந்திருந்த நண்பருக்கு, டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் வேதாகமக் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊருக்குப் புதியவர் ஒருவர், துக்கத்தில் இருந்த நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துக்கத்துக்குப் பொருத்தமான ஒரு கதையைச் சொல்லியிருக்கிறார்.

பிரிந்த பிறகு

கைப்பேசி எண்ணை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள், அவர் கேட்டால் உங்களுடையதைக் கொடுங்கள். தினமும் காலையில் வசனப் படம் அனுப்பும் பழக்கத்தை அவரிடம் காட்ட வேண்டாம். அவர் எழுதினால் பதில் எழுதுங்கள், அவர் ஊரில் வெள்ளம் என்றோ விபத்து என்றோ கேள்விப்பட்டால் நலம் விசாரியுங்கள். வேதாகமம் வேண்டும் என்று கேட்டால், நம் கையிலுள்ளதைக் கொடுத்துவிடாமல் அவருடைய மொழியில் எங்கே கிடைக்கும் என்று தேடிச் சொல்லுங்கள்.

ஒரு சிறிய நோட்டில், சந்தித்த இடத்தையும் பெயரையும் மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபியுங்கள். என் நோட்டில் பெயர் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். 'மூணாறு, கீழ்க் கட்டில் தம்பி' என்று எழுதிய வரியை இன்றைக்கும் காலையில் வாசித்தேன்.